குளிர்ல விரல் வெளுத்து மரத்துப் போனா ஹார்ட் வீக்குன்னு அர்த்தமா?

கேள்வி கேட்டவர் சென்னைக்காரர், வயசு முப்பதுக்குள்ள. டிசம்பர்ல ஊட்டி வந்தப்ப விரல் நுனியெல்லாம் வெளுத்து மரத்துப் போச்சு, அடிக்கடி யூரின் வேற வந்துச்சு, ஹார்ட் பம்பிங் குறைஞ்சிருக்குமோன்னு பயப்படறாரு. நான் கேத்தி பக்கம், நர்ஸா இருக்கேன், பனிக்காலம் வந்தாலே இந்தக் கேள்வி வந்துடும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பெரும்பாலும் ஹார்ட் மேல தப்பே இல்லங்க. அது பாட்டுக்கு நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளிக்கிட்டுதான் இருக்கு, ஆனா அதுல எந்த உறுப்புக்கு எவ்வளவு போகணும்னு பிரிச்சு விடறது சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள், ஆர்ட்டீரியோல்னு சொல்வாங்க. எங்க கேரட் தோட்டத்துல மேல டேங்க்ல இருந்து ஒரே மெயின் பைப்புதான் இறங்கும், ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனி வால்வு இருக்கும், எதைத் திருகி மூடறோமோ அங்க தண்ணி குறையும், அது மாதிரிதான் இதுவும். இந்தக் குழாயோட சுவர்ல தசை இருக்கு, நரம்பு உத்தரவு போட்டா சுருங்கும். விட்டம் பாதியானா ரத்த ஓட்டமும் பாதிதான் குறையும்னு நினைப்போம்ல, அதே பிரஷர்ல 16ல ஒரு பங்கா குறைஞ்சிடும்! அதான் லேசா சுருங்கினாலே விரல் வெளுத்துப் போகுது.

தோல்ல குளிர் பட்டதும் உடம்பு முதல்ல மூடறது விரல், காது, மூக்கு நுனி வால்வைத்தான். அந்தச் சூட்டை உள்ள மூளைக்கும் ஹார்ட்டுக்கும் காப்பாத்தணும்ல. வெளிய இருந்த ரத்தம் உள்ள ஒதுங்கும்போது, அங்க தண்ணி ஜாஸ்தியா இருக்குன்னு கிட்னி எடுத்துக்கும், அதை வெளிய தள்ளும். உங்களுக்கு அடிக்கடி யூரின் வந்தது அதனாலதான்.

இன்னொண்ணு கவனிங்க. உறைபனி விழற காலையில வெறுங்கையோட கேரட் பிடுங்கற அக்காங்க கையைப் பார்த்தா முதல்ல வெள்ளையா விறைச்சிருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு திடீர்னு சிவந்து சுருசுருன்னு குத்தும், அப்புறம் திரும்ப வெளுக்கும். ரொம்ப நேரம் மூடியே வச்சா விரல் செத்துடும்னு உடம்பே நடுநடுவுல திறந்து விடுது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

வீட்டுலயே செக் பண்ணலாம். கையை நல்லா சூடு பண்ணிட்டு கட்டை விரல் நகத்தை அஞ்சு செகண்ட் அமுக்கி விடுங்க, ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் கலர் திரும்பிடணும். குளிர்ல லேட்டாகி சூடான பிறகு சரியா வந்தா வால்வு மூடியிருந்துச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் க்ளவுஸ் மட்டும் போட்டா பத்தாதுங்க, நெஞ்சு, வயிறு, தலை சூடா இருந்தாதான் உடம்பு விரலுக்கு ரத்தம் விடும், அதனால ஸ்வெட்டர் முக்கியம். குளிருக்கு பீடி சிகரெட் பிடிச்சா இதம்னு சொல்வாங்க, நம்பாதீங்க, நிக்கோடின் அதே குழாயை இன்னும் சுருக்கும். டூர் வர்ற பசங்க பிராந்தி குடிச்சிட்டு நைட்டு வெளிய நிக்கறதைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும், சாராயம் தோல் குழாயைத் திறந்து விடறதால சூடா இருக்கற மாதிரி தோணும், ஆனா உள்ளச் சூடு வெளிய போய்க்கிட்டே இருக்கும். மரத்த விரலை நெருப்புக்கிட்டயும் நீட்டாதீங்க, சுடறதே தெரியாது.

சென்னையிலயே ஃபிரிட்ஜைத் தொட்டாக்கூட விரல் வெள்ளை, நீலம், சிவப்புன்னு கலர் மாறுதா, ஒரே கையில மட்டும் வருதா, விரல் நுனியில புண்ணு ஆறாம இருக்கா, அப்படின்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. நடந்தா நெஞ்சு அழுத்தம், படுத்தா மூச்சு முட்டறது, கால் வீக்கம் இதெல்லாம் இருந்தா மட்டும் விரலை விட்டுட்டு ஹார்ட்டை உடனே பார்க்கணும்.