பி.காம். முடித்த மகளும் 60,000 ரூபாய் ஆன்லைன் கோர்ஸும்

வணக்கம் ஐயா. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகளை, போனில் அழைத்துப் பேசிய ஒரு நிறுவனத்தின் 60,000 ரூபாய் டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இன்னும் முன்பணம் கட்டவில்லை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது.

வேலைக்கு உத்தரவாதம், மாதத் தவணையில் கட்டலாம் என்று அவர்கள் சொன்னதில் அந்தத் தவணையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல இடங்களில் அது நிறுவனம் தரும் தவணை இல்லை. ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரிலோ மகள் பெயரிலோ எடுக்கப்படும் கடன். இரண்டாவது வாரமே வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் கடன் நிற்காது, தவணை தவறினால் சிபில் ஸ்கோர் இறங்கும். அடுத்த முறை அழைத்தால் இரண்டு விஷயங்களை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்: பணத்தை எப்போது திருப்பித் தருவார்கள், கடன் யார் பெயரில் இருக்கும். அதற்குப் பிறகும் அழைப்பு வருகிறதா என்று பாருங்கள்.

ஆன்லைன் படிப்பு விஷயத்தில் பெற்றோர்களிடம் நான் சொல்வது இதுதான். பாடம் கேட்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள், தேர்வுக்குக் கொடுங்கள். நல்ல பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் வீடியோவை ஓடவிட்டாலே கைக்கு வரும் சான்றிதழ்களைப் பத்து அடுக்கி வைத்தாலும், வேலைக்கு எடுப்பவர் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மையத்துக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, உட்கார்ந்து எழுதிய தேர்வுக்கு மதிப்பு உண்டு.

அப்படித் தேர்வு வைக்கும் ஆன்லைன் பாடத் தளம் ஒன்று என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மேலாண்மை, நிதி, பொருளாதாரம் எல்லாம் அதில் இருக்கின்றன. 4, 8, 12 வாரப் பாடங்கள், ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று. சேர்வதும் படிப்பதும் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். வாராவாரம் ஒரு அசைன்மென்ட், அதற்குக் கெடு உண்டு. இறுதி மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. கெடு இருப்பதுதான் இதன் பலம். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற பாடத்தை வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முடிப்பதே இல்லை. முதல் தடவைக்கு 8 வாரப் பாடம் ஒன்று போதும்.

பி.காம். படித்தவர்களுக்கு அதைவிட நேரடியாக உதவுவது என்.ஐ.எஸ்.எம். தேர்வுகள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி உருவாக்கிய நிறுவனம் அது. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்களுக்கான V-A என்ற தேர்வை முதலில் எழுதலாம். 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம், தேர்ச்சிக்கு 50. பாடப் புத்தகத்தை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கோச்சிங் எதுவும் தேவையில்லை. மியூச்சுவல் ஃபண்ட் விற்க இந்தச் சான்றிதழ் சட்டப்படி வேண்டும் என்பதால், வங்கியின் முதலீட்டுப் பிரிவுக்கோ புரோக்கர் அலுவலகத்துக்கோ விண்ணப்பிக்கும்போது இது வெறும் அலங்காரமாக நிற்காது. மூன்று வருடம்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். விற்பனை வேலையே பிடிக்காது என்றால் இதைத் தொட வேண்டாம். அதை அவளிடமே கேளுங்கள்.

சரி, இந்த இரண்டையும்விட முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு உங்கள் ஹார்டுவேர் கடையே போதும்.

அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்களிடம் நேர்காணலில் கேட்பது பெரும்பாலும் எக்செல், டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜி.எஸ்.டி. மூன்றும்தான். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் எக்செல் போலவே இருக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கால்க்குக்குப் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல. ஒரு பக்கம் பாடம் ஓட, இன்னொரு பக்கம் நாமும் செய்துகொண்டே போக வேண்டும். அலுவலகங்களில் இருப்பது எக்செல்தான், ஆனால் கால்க்கில் கை பழகியவர் எக்செல்லுக்கு மாறுவது ஒரு வார வேலை. சூத்திரங்கள் பெரும்பாலும் ஒன்றே.

இதைப் பாடத்தில் வரும் உதாரணத்தை வைத்துப் பழகச் சொல்லாதீர்கள். கடையின் கடந்த மூன்று மாத பில் கட்டை அவளிடம் கொடுங்கள். கொள்முதல், விற்பனை, இருப்பு, யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்று தாள் தாளாகப் பிரித்துப் போடட்டும். ஒரே சப்ளையரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும், ஒரு பில்லில் தேதியே இருக்காது, ரொக்க விற்பனை பாதி நோட்டில் ஏறியிருக்காது. அந்தக் குழப்பத்தைச் சரிசெய்வதுதான் உண்மையான பயிற்சி. கல்லூரிப் புத்தகத்தில் வரும் கணக்குகள் எல்லாம் முதலிலேயே சுத்தமாகவே இருக்கும்.

அப்புறம் அதே பில்களை டேலியில் ஏற்றட்டும். காசு கட்டாமல் பழக எஜுகேஷனல் மோட் என்று ஒன்று உண்டு. மாதத்தின் சில தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய விடும், பழகுவதற்கு அது போதும். உங்கள் ஆடிட்டர் மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறவர் என்றால், 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர். 1, 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர். 3பி போகும். அந்த இரண்டுக்கும் முன்னால் மகள் தானே ஒரு கணக்குப் போட்டு, ஆடிட்டர் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வித்தியாசம் வந்தால் போய்க் கேட்கட்டும். மூன்று மாதம் இப்படிக் கேட்டுவிட்டால், அவர் அலுவலகத்திலேயே உதவியாளராகச் சேரலாமா என்று பேசுவது எளிது. சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அது இப்போதைக்குப் பெரிய விஷயம் இல்லை.

அவளுக்கு டேட்டா சயின்ஸ் மேல் உண்மையிலேயே ஆசை என்றால் தடுக்க மாட்டேன். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு இருக்கிறது, ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. முதலில் நான்கு வாரம் பாடம் நடத்தி, தகுதித் தேர்வு வைத்து, தேறியவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நிலையோடு நின்றாலும் ஒரு சான்றிதழ் உண்டு, அடுத்த நிலையில் டிப்ளமோ, மேலே போனால் பட்டம். கணக்கும் புள்ளியியலும் கடுமையாக வரும். நான்கு வாரத்தில் பிடிக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரிந்துவிடும், அதற்காக 60,000 ரூபாய்க் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஸ்போக்கன் இங்கிலீஷ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காசு கட்டிச் சேர வேண்டாம். மேலே சொன்ன என்.பி.டி.இ.எல். பாடங்களே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, காது பழகிவிடும். வாய் பழக ஒரு தோழி போதும்.

ஒன்று மட்டும் உங்களிடமும் உங்கள் மனைவியிடமும் கேட்டுக்கொள்கிறேன். "வீட்டில்தானே இருக்கிறாள்" என்று கடைக்குக் காபி கொண்டுவரவும், சிலிண்டர் வந்தால் கதவைத் திறக்கவும், வரன் பார்க்க வருபவர்களுக்குப் பலகாரம் செய்யவும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் எந்தக் கோர்ஸும் நடக்காது. வீட்டில் இருக்கும் மகனுக்கு இத்தனை கூப்பாடு வருவதில்லை, இதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். காலை பத்திலிருந்து ஒன்று வரை அவள் வேலையில் இருக்கிறாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பாடம்தான். என்.பி.டி.இ.எல்.லும் என்.ஐ.எஸ்.எம்.மும் சேர்ந்து வேண்டாம்.

வீட்டில் கைபேசி மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கைபேசியில் எக்செல் பழக முடியாது. அந்த 60,000 ரூபாயில் பாதிக்கும் குறைவாகவே நல்ல பழைய லேப்டாப் கிடைக்கும். 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. இருக்கிறதா, பேட்டரி ஒரு மணி நேரமாவது நிற்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். லேப்டாப் வாங்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். கீபோர்டைத் தட்டிப் பார்க்க வேண்டியது அவள்தான்.