சர்வர் மாறிய பின் அவுட்லுக்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அலுவலகம் புதிய எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வருக்கு மாறியதிலிருந்து, வெளியாருக்கு அனுப்பும் அஞ்சல்கள் போய்ச் சேருகின்றன, அடுத்த மேசைக்காரருக்கு அனுப்புபவை மட்டும் திரும்பி வருகின்றன. ஏன்?

பதில்: முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் அவுட்லுக் நீட்டும் பெயர்ப்பட்டியலே காரணம். அலுவலகத்துக்குள் இருப்பவர்களைப் பொறுத்தவரை, அப்பட்டியல் நாம் அறிந்த மின்னஞ்சல் முகவரியைச் சேமிப்பதில்லை. பழைய சர்வர் தன் வசதிக்காகச் சூட்டிய நீண்ட உட்பெயரையே சேமித்து வைக்கிறது, அந்த உட்பெயரோ புதிய சர்வருக்கு அறிமுகமே இல்லாதது. பட்டியலில் அப்பெயருக்கு அருகிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிட்டு, முகவரிப் புத்தகத்திலிருந்து புதிதாகத் தேர்ந்தெடுங்கள். ஆனால் பழைய அஞ்சல் ஒன்றுக்குப் பதில் எழுதினாலும் அதே உட்பெயர் தலைகாட்டும் என்பதால், ஒவ்வொருவரின் அஞ்சல்பெட்டியிலும் பழைய உட்பெயரை எக்ஸ்500 வகைக் கூடுதல் முகவரியாக நிர்வாகி சேர்த்துவிடுவதே நிலையான தீர்வு. ஐம்பது பேரிடம் பட்டியலை அழிக்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: என் கணினி மட்டும் இன்னும் பழைய சர்வரையே தேடுகிறது.

பதில்: சர்வரின் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவின் ஆயுள் 86400 விநாடி என்று வைக்கப்பட்டிருந்தால், பழைய விடை ஒரு நாள் வரை நினைவில் தங்கியிருக்கக்கூடும். மறுநாளும் அப்படியே இருந்தால் டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன்பே விண்டோஸ் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள்; எப்போதோ யாரோ அவசரத்துக்கு எழுதிவைத்த ஒரு வரி அங்கே இருக்கலாம். நான் கடைசியாகப் பார்க்கும் இடமும், பலமுறை விடை கிடைத்த இடமும் அதுதான்.

கேள்வி: திறக்கும்போதெல்லாம் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது. 'ஆம்' என்று அழுத்திவிடலாமா?

பதில்: கூடாது. அவுட்லுக் தன் அமைப்புகளைத் தேடும்போது நிறுவனத்தின் இணையதள முகவரியையும் தட்டிப் பார்க்கும். அங்கே சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் வேறு பெயருக்கானதாக இருந்தால் இவ்வாறு எச்சரிக்கும். அமைப்புகள் இருக்குமிடத்தைக் காட்டும் ஆட்டோடிஸ்கவர் பதிவையும் சான்றிதழிலுள்ள பெயர்களையும் நிர்வாகிதான் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையை நாங்கள் பயன்படுத்துகிறோம். அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை.

பதில்: அனுப்பும் போர்ட், அதாவது சர்வரின் வாசல் எண், 25 என்று இருந்தால் 587 ஆக்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் குறியாக்கத்தைத் தேர்ந்து, அனுப்பும் சர்வருக்கும் கடவுச்சொல் தேவை என்ற பெட்டியில் குறியிடுங்கள்.

கேள்வி: அவுட்லுக்கில் புதிய புரொஃபைல் (கணக்கு அமைப்புகளின் தொகுப்பு) உருவாக்கினால் பழைய அஞ்சல்கள் போய்விடுமா?

பதில்: அவுட்லுக் உங்கள் கணினியில் வைக்கும் ஓஎஸ்டி கோப்பு சர்வரில் இருப்பதன் நகல்தான், புதிய புரொஃபைல் அதை மீண்டும் இறக்கிக்கொள்ளும். இருப்பினும் அவுட்பாக்ஸில் தேங்கியவை சர்வருக்குப் போகாதவை என்பதால், அவற்றை முதலில் எடுத்து வையுங்கள். அஞ்சல்களைக் கணினியிலேயே சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு அப்படியல்ல. அஞ்சலைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அதுவே மூலமாகவும் இருக்கக்கூடும். அதை வேறு வட்டில் நகலெடுத்த பிறகே பழைய புரொஃபைலில் கைவையுங்கள்.