29ஆம் பிரிவு இருந்தும் 1948 குடியுரிமைச் சட்டம் ஏன் தப்பியது?

இலங்கையின் அந்தச் சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. உங்கள் கேள்விக்கு முதல் விடை அதுதான். சிறுபான்மையினரைக் காக்கும், அன்றைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை வைத்துக்கொண்டு நீதிமன்றம் ஏன் சும்மா இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். சும்மா இருக்கவில்லை, விசாரித்துத்தான் கைவிட்டது.

நீங்கள் குழம்பியது 29ஐ அடிப்படை உரிமைப் பட்டியல்போல வாசித்ததால் இருக்கலாம். ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை போடும் சட்டத்தை இயற்றக்கூடாது என்பதே அதன் சாரம். 1948 சட்டமோ தகப்பன் இலங்கையில் பிறந்தவரா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று எல்லாரிடமும் கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்த இந்தியத் தமிழர் எத்தனை பேரிடம் அதற்குப் பத்திரம் இருந்தது? எங்கள் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கோடக்கன்பிள்ளை எதிர் முதன்நாயக்க வழக்கில், 1953இல், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இந்தியத் தமிழரின் ‘இடம்பெயரும் வழக்கம்’ குடியுரிமைத் தகுதியோடு சம்பந்தப்பட்டது, அவர்களைச் சமூகமாகக் குறிவைத்ததல்ல என்றது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் குடிமக்களாகப் பதிவு பெற வழி தருகிறதே என்றும் காட்டியது. எனக்கு இது வறட்டு வாசிப்பு.

சரி, உங்கள் கட்டுரையை ஒருதரம் சோதியுங்கள்: ‘சட்டம் சொல்வது’, ‘சட்டம் செய்தது’ இரண்டும் ஒரே பந்தியில் கலந்திருந்தால் பிரித்து எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்துக்கு ‘அரசியலமைப்பு நீதிமன்றம்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயரில் ஒன்று வந்தது 1972 யாப்பில்தான், அதுவும் மசோதாக்களைப் பார்க்க மட்டும்.