ஹூஸ்டனில் இருந்துகொண்டு காட்டுப்பன்றி வேட்டை: கையைக் கடிக்காத வழிகள்

அன்புள்ள தம்பிக்கு,

எச்-1பி விசாவில் ஹூஸ்டனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, அலுவலக நண்பர்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கு அழைக்கிறார்கள், ஆனால் பண்ணைகளில் கேட்கும் தொகை மலைக்க வைக்கிறது, புதியவர் போகக்கூடிய செலவு குறைந்த இடம் எது என்று கேட்டிருந்தீர்கள். இடம் சொல்வதற்கு முன் ஒரு சட்ட விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். விசாவில் வந்திருப்பவர்கள் அதை அறியாமல்தான் பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதத்துடன் காட்டுப்பன்றி வேட்டையாட உரிமமே வேண்டாம் என்று டெக்சாஸ் மாநிலம் 2019 செப்டம்பர் 1 முதல் விதியைத் தளர்த்திவிட்டது. உங்கள் நண்பர்கள் "லைசென்ஸ் எதற்கு, சும்மா வா" என்று சொல்வது இதை வைத்துத்தான். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அந்தப் பேச்சு பொருந்தும். நமக்கோ மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூடாது என்பது அதன் பொது விதி. அதற்குள்ள சில விலக்குகளில் உங்களுக்குப் பயன்படக்கூடியது, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. துப்பாக்கியை வாங்கினால்தான் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கிப் பிடிப்பதும், பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். மாட்டிக்கொண்டால் சிறையோடு நாடு கடத்தலும் சேர்ந்து வரக்கூடும். ஆகவே பன்றிக்கு உரிமம் தேவையில்லை என்று மாநிலம் சொன்னாலும், உங்கள் விசாவுக்காக ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

உரிமத்தின் விலை நீங்கள் எந்த மாதத்தில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்தவரை மாநிலவாசியாகக் கொள்கிறார்கள். அவருக்குச் சாதாரண வேட்டை உரிமம் 25 டாலர். வெளியாருக்கான பொது உரிமம் 315 டாலர். வெளியாருக்கே ஐந்து நாள் சிறப்பு உரிமம் ஒன்று 48 டாலருக்கு உண்டு என்றாலும், இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்று பொறுத்திருப்பதே உங்களுக்கு லாபம். உரிமங்களின் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஆகஸ்டில் முடிவதால், ஜூலையில் வாங்கிவிட்டுப் புலம்பாதீர்கள். இடைப்பட்ட காலத்தில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிடுங்கள். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். வயது வந்தவர்கள் வீட்டிலிருந்தே இணையவழியில் படித்துவிடலாம்.

இனி இடம். டெக்சாஸ் நிலத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் தனியாரிடம் இருப்பதால், பொது நிலம் என்று தேடினால் கிடைப்பது குறைவுதான். ஆனால் உங்கள் அதிர்ஷ்டம், அதில் நல்ல பகுதி ஹூஸ்டனுக்கு அருகிலேயே இருக்கிறது. மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை ஆண்டுக்கு 48 டாலருக்குப் பொது வேட்டை அனுமதிச் சீட்டு ஒன்று தருகிறது. அது இருந்தால் மாநிலமெங்கும் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் நிலத்தில் கால் வைக்கலாம். உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது, கான்ரோவைத் தாண்டி வடக்கே விரியும் சாம் ஹூஸ்டன் தேசிய வனம். 1,60,000 ஏக்கருக்கு மேற்பட்ட பைன் காடு. கிழக்கே போமாண்ட் பக்கம் போனால் பிக் திக்கெட் தேசியக் காப்பகம் இருக்கிறது. அங்கே மாநில உரிமத்தோடு காப்பகத்தின் வேட்டை அனுமதியும் வேண்டும், அதை இலவசமாகவே தருகிறார்கள்.

பொது நிலத்தில் தனியார் நிலத்துச் சலுகைகள் கிடையாது என்பதை மனதில் வையுங்கள். இரவு வேட்டை இல்லை, சோளத்தைத் தூவிப் பன்றியை வரவழைக்கக் கூடாது, பகலில் பளிச்சிடும் ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் கட்டாயம். எந்த நாளில் எந்த ஆயுதம் என்பது இடத்துக்கு இடம் மாறும். சீட்டோடு வரும் கையேட்டை வரி விடாமல் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கே பன்றியைப் பார்ப்பதற்கு முன் அதன் தடத்தைத்தான் பார்ப்பீர்கள். ஓடைக்கரைத் தாழ்வில் ஏர் உழுததுபோல் மண் புரண்டு கிடக்கும். புரட்டிய மண் இன்னும் கருத்து ஈரமாக இருந்தால் நேற்றிரவு வேலை. வெளுத்துக் காய்ந்து உதிரி இலைகள் விழுந்திருந்தால் கூட்டம் வேறிடம் போய்விட்டது என்று பொருள். சேற்றில் புரண்டு எழுந்து பக்கத்து மரத்தில் உராய்ந்துவிட்டுப் போகும். பட்டையில் அப்பியிருக்கும் சேற்றில் முரட்டு மயிர் ஒட்டியிருப்பதைக் காணலாம். கண் பார்வை மந்தம், மூக்கோ அபாரம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் அன்றைய பொழுது வீண்தான்.

இவ்வளவு நடக்க முடியாது, பரணில் உட்கார்ந்து சுட வேண்டும் என்றால் தனியார் பண்ணைக்குத்தான் போக வேண்டும். பயிரை நாசமாக்கும் பிராணி என்பதால் விவசாயி கூப்பிட்டு இலவசமாக விடுவார் என்று பலரும் நினைக்கிறார்கள். முன்பின் தெரியாதவரைத் துப்பாக்கியோடு நிலத்துக்குள் விட யாருக்கும் மனம் வராது. அதோடு அவருக்கு அது நல்ல உபரி வருமானம். மான் பருவம் நவம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. அதுவரை பரண்களையெல்லாம் மான் வேட்டைக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அவை காலியாகக் கிடக்கும்போது பேரம் பேசுங்கள். வழிகாட்டி இல்லாமல் நீங்களே போய் உட்காரும் ஒரு நாள் வேட்டையை மட்டும் கேளுங்கள். ஹெலிகாப்டரில் பறந்து சுடுவதெல்லாம் ஆயிரக்கணக்கில் விழுங்கும். தொடக்கத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

விளம்பரத்தில் போடும் தொகையை நம்பி வண்டியை எடுக்கவும் வேண்டாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதையாக, தோலுரிக்க ஒரு கட்டணம், குளிரறைக்கு ஒரு கட்டணம், பெரிய ஆணாக இருந்தால் கொம்புப் பல்லுக்குத் தனிக் கட்டணம் என்று வளரும். காயம்பட்டு ஓடிப்போன பன்றிக்கும் முழுப் பணம் உண்டா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். பண்ணையில் பன்றிக்கு வார்ஃபரின் கலந்த நஞ்சுத் தீனி வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். வெட்டும்போது, அதைத் தின்றதற்கு அடையாளமாகக் கொழுப்பு நீலமாகத் தெரிந்தால் அந்த இறைச்சி வேண்டாம்.

சமைக்கத்தான் சுடுகிறீர்கள் என்றால் நடுத்தர எடையுள்ள பெட்டையைத் தேர்ந்தெடுங்கள். முதிர்ந்த ஆணின் வீச்சம் எத்தனை மிளகு போட்டாலும் போகாது. புருசெல்லோசிஸ் நோய்க்கிருமி இரத்தத்தின் வழியே மனிதருக்குத் தொற்றும் என்பதால், குடலெடுத்து அறுத்து முடியும்வரை ரப்பர் கையுறையைக் கழற்றாதீர்கள். இங்குள்ள வெயிலில் இறைச்சி சீக்கிரம் கெட்டுவிடும்; பனிக்கட்டிப் பெட்டியை வண்டியிலேயே வைத்திருங்கள். உறைய வைத்தால் கிருமி சாகும் என்று எண்ண வேண்டாம். உள்ளே 71 பாகை செல்சியஸ் எட்டும்வரை வேக வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் பச்சை இறைச்சித் துண்டு ஒன்றைக்கூட அதற்குப் போட்டுவிடாதீர்கள். நமக்கு ஒன்றும் செய்யாத ஒரு பன்றி வைரஸ் நாயைக் கொன்றுவிடும்.