ஹட்டனில் இருந்து அறுகம்பே: பஸ்ஸா, கோச்சியா, வேனா?

ஆகஸ்ட் லீவுக்கு வயதான அம்மாவையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டனில் இருந்து கிழக்குக் கடற்கரையில் பொத்துவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அறுகம்பே போக எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தலவாக்கலைக்காரன். பொத்துவில் பக்கம் சொந்தம் இருப்பதால் இந்த வழிகள் எல்லாமே பழக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் கோச்சியில் (ரயிலில்) பண்டாரவளை போய் ராத்தங்குங்கள். மறுநாள் விடிய அங்கேயே ஒரு வேன் பிடித்துக் கீழே இறங்குங்கள். திரும்பும்போது அம்மாவுக்கு உடம்பு இடம் கொடுத்தால் பஸ்ஸில் வரலாம்.

கொழும்புக்குப் போய் அங்கிருந்து பொத்துவில் இரவு பஸ் எடுக்கச் சொல்லும் ஆட்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். ஏ4 வீதியில் வரும் பஸ் இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை, வெல்லவாய என்று நம்ம மலைக்கு அடியால் சுற்றிக்கொண்டுதான் கிழக்கே போகிறது. ஹட்டனில் இருக்கிறவர் மேற்கே கொழும்பு வரை இறங்கி, ராத்திரி முழுக்கப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரும்ப நம்ம மலையடிவாரத்துக்கே வந்து சேருவதில் என்ன இருக்கிறது?

எந்த வழியில் போனாலும் ஒரு கணக்கு மட்டும் தவறக் கூடாது. மொனராகலையைப் பகல் ஒரு மணிக்குள் தாண்டிவிடுங்கள். அங்கிருந்து சியம்பலாண்டுவ, லாகுகலை, பொத்துவில் என்று சுமார் 70 கிலோமீட்டர். ரோடு நல்ல ரோடு, வளைவும் குறைவு. ஆனால் பாதையோரம் காடு. லாகுகலையில் தேசிய பூங்காவும் குளங்களும் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன. கீழ்நாட்டில் வெயில் காய்ச்சுகிற ஜூலை, ஆகஸ்டில் அந்தக் குளங்களில் இருக்கும் புல்லுக்காகவே யானைகள் கூட்டமாக வந்து சேரும். பொழுது சாய்ந்தால் ரோட்டைக் கடக்கும். பகலில் வேனுக்குள் இருந்து தூரத்தில் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். இருட்டில், அதுவும் மோட்டார் சைக்கிளிலோ த்ரீவீலிலோ, அந்தத் துண்டில் போகவே வேண்டாம். பஸ்ஸும் பின்னேரமானால் குறைந்துவிடும். சியம்பலாண்டுவச் சந்தியில் அம்மாவோடு மாட்டிக்கொண்டால் கிடைக்கிற வாகனத்துக்குக் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டிவரும்.

இனி கோச்சி. பதுளையோடு நம்ம ரயில் பாதை முடிந்துவிடுகிறது. 1924இல் அங்கே போய் நின்றது, அதற்கப்பால் கிழக்கே ஒரு அடி போகவில்லை. அதனால் கடல் வரை கோச்சி கிடையாது, மலைக்குள் பாதி வழிதான். கொழும்பில் காலையில் புறப்படும் கோச்சிகள் ஹட்டனுக்கு வரவே மத்தியானம் ஆகிவிடும், பண்டாரவளைக்கு அடுத்த எல்ல ஊருக்குப் பின்னேரம். அன்றே கடற்கரைக்குப் போக நினைத்தால் யானை நேரத்தில் லாகுகலையில் இருப்பீர்கள். ராத்தங்கச் சொல்வது அதற்காகத்தான். எல்ல இப்போது வெள்ளைக்காரர் ஊர் மாதிரி, ரூம் விலை அதிகம். பண்டாரவளையில் சாதாரண லொட்ஜ் கிடைக்கும், கடைகளில் தமிழும் பேசுவார்கள். இரவு மெயில் கோச்சியில் நடுச்சாமத்தில் ஹட்டனில் ஏறினால் விடியற்காலையில் அந்தப் பக்கம் இறங்கலாம். இளந்தாரிகள் போவதற்கு அது சரி. பட்டிப்பொலைக் குளிரில், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், நடுச்சாமத்தில் ஜன்னல் சரியாக மூடாத பெட்டியில் அம்மாவை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

ரிசர்வ் சீட் சுற்றுலாக்காரர் கையில் முன்கூட்டியே போய்விடும். மூன்றாம் வகுப்பு சாதாரண டிக்கட் அன்றே ஸ்டேஷனில் வாங்கலாம். ஆகஸ்டில் நின்றுகொண்டு போக வேண்டி வந்தாலும், நானுஓயாவில் கொஞ்சப் பேர் இறங்குவார்கள், அப்போது அம்மாவுக்கு இடம் பிடிக்கலாம். 2025 நவம்பரில் அடித்த தித்வா புயலில் மலையகத்து ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. ஆகவே போவதற்கு முந்தின நாள் ஹட்டன் ஸ்டேஷனிலேயே கோச்சி எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிடுங்கள். ஓடாவிட்டால் நுவரெலியா, வெலிமடை வழியாக பஸ்ஸில் பண்டாரவளை வந்துவிடலாம்.

முழுக்க பஸ்ஸில் போக நினைத்தால் முதலில் பதுளை. அங்கிருந்து பசறை வழியாக மொனராகலைக்கு பஸ் ஓடுகிறது. மொனராகலையில் பொத்துவில் பஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சியம்பலாண்டுவ வரை போய் மாறுங்கள். அக்கரைப்பற்று, பொத்துவில் போகும் தூரப் பயண பஸ்களும் அந்த வழியால் வரும். அதில் இடம் இருக்கிறதா என்று கொண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். மூன்று, நான்கு பஸ் மாற வேண்டியிருக்கும். செலவு மிகக் குறைவு. பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளையும் பார்ப்பதுதான் கஷ்டம்.

வேனில் ஆட்கள் ஏமாறுவது ஒரு விஷயத்தில்தான். ஹட்டனில் இருந்தே வேன் பிடித்தால் கிலோமீட்டர் கணக்கில் போகிற தூரம், வெறும் வேனாகத் திரும்புகிற தூரம் இரண்டையும் நீங்கள் கட்டுகிறீர்கள். ட்ரைவரை இரண்டு இரவு நிறுத்திவைத்தால் அதற்குச் சாப்பாடு, தங்குமிடம், பாட்டா (ட்ரைவரின் படிக்காசு) தனி. பண்டாரவளையில் இருந்து அறுகம்பே சுமார் 150 கிலோமீட்டர், நின்று நின்று போனாலும் நாலைந்து மணித்தியாலம். ஒரு வழிக்கு மட்டும் பேசுங்கள். எல்ல ஊரில் வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு அறுகம்பே போய்வரும் வேன்கள் பருவகாலத்தில் தினமும் ஓடுகின்றன. திரும்பும் வேனில் இடம் பேசினால் மலிவாகவே கிடைக்கும். ஏறும் முன்னால் மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்லி, பாட்டாவும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்ல ஊரில் இருந்து வெல்லவாய வரை இறக்கம். சுமார் 27 கிலோமீட்டருக்குள் எண்ணூறு மீட்டருக்கு மேல் இறங்கிவிடுவீர்கள். பிள்ளைகள் கட்டாயம் வாந்தி எடுக்கும். பால் தேத்தண்ணி கொடுக்காமல் காலையில் பிஸ்கட் மட்டும் கொடுங்கள், முன் சீட்டில் உட்கார வையுங்கள், சித்தாலேப தைலம் ஒரு டப்பா கையில் இருக்கட்டும். இராவணன் நீர்வீழ்ச்சியில் வேனை நிறுத்திக் காற்று வாங்கினால் பாதி சரியாகிவிடும். வெல்லவாயவில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம்.

அப்புத்தளை, கொஸ்லந்தை பக்கத்து ஆட்கள் இதைப் படித்தால், உங்களுக்கு பெரகலையில் இருந்து நேரே வெல்லவாய இறங்குவதுதான் கிட்ட. தியலும நீர்வீழ்ச்சியையும் பார்க்கலாம். அடைமழையில் மட்டும் அந்தச் சரிவு வேண்டாம். 2014 அக்டோபர் 29இல் மண்சரிவு வந்து மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வீட்டு வரிசைகளை) மூடியது அங்கேதான். மழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், ரூம் காசு போனாலும் போகட்டும்.

அம்மா கோயில் கும்பிட ஆசைப்படுவார் என்றால் இன்னொரு வழியும் உண்டு. பதுளையில் இருந்து பிபிலை, மகாஓயா, செங்கலடி வழியாக மட்டக்களப்பு போய், மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டு ஒரு நாள் தங்கி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கரையோரமாகவே பொத்துவிலுக்கு இறங்கலாம். சுற்றுத்தான். ஆனால் கரையோரம் பூராவும் தமிழ் பேசும் ஊர்கள், பஸ்ஸும் அடிக்கடி. மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நேரம் இருக்கிறவர்களுக்கு எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான்.

பொத்துவில் டவுனில் இறங்கினால் அறுகம்பே மூன்று கிலோமீட்டர், த்ரீவீல் போதும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உகந்தை முருகன் கோயிலுக்குப் போக விரும்பினால் பாணமை தாண்டி மண் ரோடு. அதற்குத் த்ரீவீலை விட ஜீப் நல்லது, காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் அங்கே அலை உயரமாக வரும் காலம், அலைச்சறுக்குக்காகத்தான் வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். மலையில் பிறந்து கடல் பார்க்காத பிள்ளைகளுக்கு அந்த இழுவை தெரியாது. மீன்பிடி வள்ளங்கள் ஏற்றிவைத்திருக்கும் பக்கத்தில் கடல் கொஞ்சம் அமைதி. எந்த இடத்தில் இறங்கலாம் என்று அங்கிருக்கும் கடற்றொழிலாளர்களிடம் தமிழிலேயே கேளுங்கள், கையைப் பிடித்துக் காட்டுவார்கள்.