எண்பதுகளின் பாட்டு விழா: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: எங்கள் சிறிய ஊரில் 1980-களின் பாடல்களை மட்டும் வைத்து ஒரு மாலை இசைவிழா நடத்த நினைக்கிறோம். ஊர்க் கலைஞர்கள்தான் பாடி வாசிக்கப் போகிறார்கள். கையில் பணம் குறைவு. எதற்குச் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்: ஒத்திகைக்குச் செலவழியுங்கள். அந்தக் கால உடை, மேடை ஜோடனை எல்லாம் மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

1985-இல் பதினைந்து வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். இந்த விழா முதலில் அவருக்குத்தான். பாடகர் வாயைத் திறக்கும் முன்பே, முன்னிசையின் முதல் சில விநாடிகளிலேயே அவர் பாட்டைக் கண்டுபிடித்துவிடுவார். அங்கே கோட்டை விட்டால் அப்புறம் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் மனம் ஒட்டாது. 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற மின்னணு கீபோர்டு வந்தபின் மணி போல ஒலிக்கும் எலெக்ட்ரிக் பியானோ எத்தனையோ பாடல்களில் நுழைந்தது. அதே ஸ்வரங்களைச் சாதாரணப் பியானோ ஒலியில் வாசித்தால் தப்பே இருக்காது, ஆனால் எண்பதுகள் வராது. உங்கள் கீபோர்டில் 'எஃப்எம்' வகை ஒலி (வானொலி அல்ல, டிஎக்ஸ்7 ஒலியை உருவாக்கிய முறை) இருக்கிறதா என்று முதல் ஒத்திகையிலேயே தேடுங்கள். நாற்பது பாட்டை அரைகுறையாக வாசிப்பதைவிட, முன்னிசை, இடையிசை பிசகாமல் பதினைந்து பாட்டு போதும் என்பேன்.

அடுத்தது சுருதி. மூலப் பாடகரின் உச்சத்தைக் கூட்டம் எட்டிப் பிடிக்காது, வயதும் ஆகியிருக்கிறது. பாடத் தெரியாத நாலு பேரை ஒத்திகைக்குக் கூப்பிட்டு, பல்லவியைப் பாடச் சொல்லுங்கள். எந்த வரியில் குரல் கம்முகிறதோ அந்த வரி எளிதாக வரும்வரை அரைக்கட்டை, தேவைப்பட்டால் ஒரு கட்டை இறக்குங்கள். விழாவில் ஊரே சேர்ந்து பாடும்போது இந்த உழைப்பு தெரியும்.

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். பின்வரிசைக்காக மேடை ஸ்பீக்கரை ஏற்றினால் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மைதானத்தின் நடுவில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் வையுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடி ஆகும். அதனால் மேடையிலிருந்து 30 மீட்டரில் வைத்த ஸ்பீக்கருக்கு 90 மில்லிவிநாடி தாமதம் கொடுக்க ஒலி அமைப்பவரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு முறை கேட்கும். இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன சராசரி உச்சவரம்பு 100 டெசிபல். உங்கள் கூட்டத்துக்கு அவ்வளவு வேண்டியதே இல்லை.

பாட்டுகளை ஊராரிடமே கேட்டு வாங்குங்கள், ஆனால் வெளிவந்த ஆண்டை நீங்கள் சரிபாருங்கள். 1978 பாட்டையும் 1992 பாட்டையும் எண்பதுகள் என்றே பலர் அடித்துச் சொல்வார்கள். பட்டியலை இரண்டு மாதம் முன்பே முடித்துவிட்டால், பொது இடத்தில் பாடுவதற்கான காப்புரிமை அனுமதியை உங்கள் நாட்டு உரிமச் சங்கத்திடம் நிதானமாகக் கேட்டு வாங்கலாம். இடைவேளையில் பதிவு செய்த பாடல்களை ஒலிக்கவிடுவதாக இருந்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.