சாட்சிக்கும் அவளைக் காக்கும் காவலருக்கும் காதல்: கதையில் எப்படி நம்பவைப்பது?

காதலையும் ஆபத்தையும் தனித்தனிக் காட்சிகளாக எழுதினால் கதை தொய்ந்துவிடும். இரண்டும் ஒரே செயலில் நடக்கட்டும். அவள் ஜன்னல் திரையை விலக்கப் போகிறாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்கிறான். தெருவில் யாருமில்லை என்று தெரிந்த பிறகும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இதற்கு மேல் அந்தக் காட்சிக்கு வசனமே வேண்டாம்.

சாவி, போன், வெளியே போகும் அனுமதி எல்லாம் அவன் வசம் இருக்கின்றன. அதனால் முதல் அடியை அவள்தான் எடுத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகருக்கு அது சிறையாகவே தெரியும்.

உறவு வெளியே தெரிந்தால் குறுக்கு விசாரணையில் அவள் சாட்சியத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்குவார்கள். அவனுக்கு வேலையும் போகலாம். முதல் முத்தத்துக்கு முன்பே வாசகருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வில்லன் அவர்களைக் கண்டுபிடிப்பது தற்செயலாக வேண்டாம்: அவள் அம்மாவிடம் போனில் பேசிய இரண்டு நிமிடமும், அதைக் காவலர் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டதும் காரணமாக இருக்கட்டும்.